வேன் வராத நாளும் வேலைநாள்தான்

ஏலே அணிலு,

அம்மா எழுதுறேன். நாம ஜெயிச்சிட்டோம்டா. மத்ததை எல்லாம் ஆற அமரச் சொல்றேன், இதை மட்டும் முதல்லயே சொல்லிப்புடணும். இன்னைக்குக் காலையில மில் வேன் நம்ம ஊருக்குள்ள வந்தது. நாளைக்கும் வரும். முன்னே மாதிரி வாரத்துல ஆறு நாளும் வரும். மேனேஜர் தன் வாயால சொல்லி, மில் போர்டுலயும் ஒட்டியாச்சு. உன் மக நம்ம வீட்டுலயேதான் இருக்கப் போறா. சுமதி கட்டி வச்ச பையை அவிழ்த்து, துணியை எல்லாம் திரும்பப் பெட்டியில அடுக்கிட்டா.

உனக்குக் கடிதம் எழுதப் போறேன்னு சொன்னதும் பாண்டியம்மா சிரிச்சா. நம்ம பின்வீட்டுப் பாண்டியம்மாதான், மில்லுல என்கூட நிக்கிறவ. "ஏன் மதினி, எந்த அட்ரஸுக்குப் போடுவீக?"ன்னு கேட்டா. "அவன் டிரைவர்டி. எங்க வச்சாலும் வந்து எடுத்துக்கிருவான்"னேன். அதுக்கு மேல அவளும் சிரிக்கலை, நானும் சிரிக்கலை. அஞ்சாவது வரைக்கும் படிச்ச கை, எழுத்து கோணலாத்தான் போகும். சுமதி தான் எழுதித் தாரேன்னா. உன் பெண்டாட்டி எழுத்து முத்து முத்தா இருக்கும், எனக்குத் தெரியும். இருந்தாலும் இதை நானே எழுதணும். உனக்குன்னு எழுதினாலும் இதை மூடி ஒட்டப் போறதில்லை. மில்லுக்குப் போற பொம்பளைங்க பெத்த பிள்ளைங்க யார் வேணும்னாலும் படிக்கட்டும். நீ இருந்தா நீயே எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டியிருப்பே, நடுநடுவுல என்னைக் கேலி பண்ணிக்கிட்டு.

கொய்யாக்காயை ஒரு கடி கடிச்சுட்டு அடுத்த காய்க்குத் தாவுவேன்னு நான் வச்ச பேரு அணிலு. மீசை முளைச்சு மில் வேன் ஓட்டுற ஆளான பிறகும் அதையேதான் சொல்லிக் கூப்பிட்டேன். "பொம்பளைக முன்னால அப்படிக் கூப்பிடாதம்மா"ன்னு கெஞ்சுவே. அதுக்குள்ள வேன் பூராவும் "அணிலு, பாட்டைப் போடு", "அணிலு, ஏசியைக் கூட்டி வையி"ன்னு ஆரம்பிச்சிருப்பாளுக. அந்த ஓட்டை வேன்ல கண்ணாடியே பாதி இறங்காது, ஏசியாம் ஏசி! உன் ஹாரன் சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரியும். ரெண்டு சின்னதா அடிச்சு, ஒண்ணு நீட்டமா இழுப்பே. அடுப்படியில நிக்கிறவளுக்கு அதுதான் கடிகாரம். டிரைவர் பக்கத்துச் சீட்டை எனக்குன்னு வச்சிருப்பே. யாராவது தெரியாம ஏறிட்டா, "அது எங்கம்மா சீட்டு, பின்னால போங்கத்தை"ன்னு இறக்கி விட்டுருவே. மகன் ஓட்ட, பக்கத்துல மகாராணி மாதிரி உக்காந்து வேலைக்குப் போனவ நான். திண்டுக்கல் ஜில்லாவுல எத்தனை அம்மாவுக்கு அது வாய்ச்சிருக்கும்?

அப்புறம் அந்த ராத்திரி. வேனை மில்லுல விட்டுட்டு நீ பைக்குல வீட்டுக்கு வாரே, நாலுவழிச் சாலையில வெளிச்சம் இல்லாம ஒரு லாரி நிக்குது. அதுக்கு மேல எழுதினா இந்தப் பேப்பர் தாங்காது. காரியம் எல்லாம் முடிஞ்சு நான் திரும்ப வேலைக்குப் போன அன்னைக்கு வேற டிரைவர் வந்தான். வேற ஹாரன். நல்ல பையன்தான், அவன் மேல ஒரு குத்தமும் இல்லை. முன்சீட்டுக் கதவைத் திறந்து விட்டுட்டு நின்னான். ஏறக் கால் வரலைடா. பின்னால போய்க் கடைசிச் சீட்டுல ஜன்னலோரமா உக்காந்தேன். அன்னையில இருந்து என் இடம் அதுதான். முன்சீட்டுல சாப்பாட்டுத் தூக்குகளை வச்சுக்கிட்டு வருவோம். யாரும் உக்காரமாட்டாங்க.

இந்த வருஷம் பஞ்சு விலை ஏறுச்சு, நூல் விலை இறங்குச்சுன்னு மில்லுல பேச்சு கிளம்புச்சு. ஒரு செவ்வாய்க்கிழமை வேன் வரலை. ரோட்டுமுக்குல மில்லுல போடுற கோட்டும் தொப்பியும் கையில வச்சுக்கிட்டு நின்னோம். செத்த நேரம் பார்த்தோம், வரலை. "சரி, இன்னைக்கு வேலை இல்லை போல"ன்னு வீட்டுக்குத் திரும்பிட்டோம். அவளவளுக்கு வீட்டுல ஆயிரம் வேலை, துணி கிடக்கு, மாடு கிடக்கு. ஒரு நாள் ஓய்வு கிடைச்சதுன்னு சந்தோஷப்பட்டவளும் உண்டு. அடுத்த வாரம் ரெண்டு நாள் வரலை. அதுக்கடுத்த வாரம் மூணு நாள். டிரைவர் பையன்கிட்டக் கேட்டா, "எனக்கு எடுக்கச் சொன்னாத்தானக்கா எடுப்பேன்"னான். மேனேஜர்கிட்டக் கேட்டா, "ஆர்டர் டல்லா இருக்கும்மா, அனுசரிச்சுப் போங்க"ன்னார். ஆறு நாள் வேலைன்னு சொல்லிச் சேர்த்தவங்க, ஒரு வார்த்தை எழுதிக் குடுக்காம, போர்டுல ஒட்டாம, கூப்பிட்டுப் பேசாம, எங்க வேலையைப் பாதியா வெட்டிப்புட்டாங்க. கத்தி எடுத்து வெட்டலை. வேனை நிறுத்தி வெட்டினாங்க. நாங்களும் அதுக்குக் கழுத்தை நீட்டிக் குடுத்தோம். எங்களுக்கு வேன்தானே மில்லு? ஹாரன் கேட்டா வேலை, கேக்கலைன்னா லீவு. நிலக்கோட்டை ரோட்டுல பஸ் போகுது, மில்லு வாசல்ல நிக்குது. அதுல ஏறிப் போகலாம்னு ஒருத்திக்குக்கூடத் தோணலை.

வீட்டுல நிலைமை உனக்குச் சொல்லணும். பாதிச் சம்பளத்துல மூணு வயிறு. ஒரு நாள் சுமதி பாப்பாவுக்குத் தலை சீவிக்கிட்டே, "அத்தை, எங்கண்ணன் திருப்பூருக்கு வரச் சொல்லுது. பனியன் கம்பெனியில இடம் இருக்காம். பாப்பாவை அங்கேயே பள்ளிக்கூடத்துல போட்டுறலாம்னு சொல்லுது"ன்னா. தாடிக்கொம்புல இருக்கிற அவங்க அம்மாவும் அதையேதான் சொல்லியிருக்காங்க. நீங்களும் வாங்கத்தைன்னுதான் கூப்பிட்டா, பொய் சொல்லக் கூடாது. ஆனா அவ அண்ணன் வீட்டு ஒத்தை ரூமுல நான் எங்க போய் ஒட்டிக்கிறது? அவ மேல தப்பே இல்லை. சின்ன வயசு, பிள்ளையைக் காப்பாத்தணும். "ஆறு நாள் வேலை திரும்பக் கிடைச்சா இருப்பியாம்மா?"ன்னு கேட்டேன். "இருப்பேன் அத்தை. எனக்கு மட்டும் இந்த வீட்டை விட்டுப் போக ஆசையா?"ன்னா. அம்புட்டுத்தான். எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேண்டியதில்லை. ஆறு நாள் வேலை இருந்தா உன் மக என் மடியில. மூணு நாள்னா திருப்பூர்ல. உன்னைப் பறிகுடுத்தாச்சு. உன் முகத்தை அப்படியே வச்சுக்கிட்டு நடக்கிற அந்தப் பிள்ளையையும் ஒரு ஓட்டை வேனுக்குப் பறிகுடுக்கணுமா?

உன் கூட்டாளி காஜாவைத்தான் கூப்பிட்டேன். பேகம்பூர் காஜா, உன்கூட டிரைவிங் கத்துக்கிட்டானே, அதே காஜாதான். இப்ப சொந்தமா ஒரு லோடு வேன் வச்சிருக்கான். விடியக்காலம் நம்ம பக்கத்து ஊருகள்ல பூ ஏத்திக்கிட்டு நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போறான். நீ போனதுல இருந்து நோன்புக்கஞ்சி ஒரு வருஷம் தப்பாம தூக்குல கொண்டாந்து குடுத்துட்டுப் போவான். விஷயத்தைச் சொன்னதும், "அம்மா, இதைப் பத்தி நமக்குள்ள பேசி என்ன பண்ண? திண்டுக்கல்ல லேபர் ஆபீஸ் இருக்கு, வாங்க போவோம்"னு எங்கள்ல அஞ்சாறு பேரை ஏத்திக்கிட்டான். போற வழியெல்லாம் பாண்டியம்மா புலம்பினா. "ஆபீஸருகிட்ட எல்லாம் போனா இருக்கிற மூணு நாளும் போயிரும் மதினி." காஜா திரும்பிப் பார்க்காம, "அத்தை, நீங்க அங்க வாயைத் திறந்தா ஆபீஸரே லீவு போட்டுட்டுப் போயிருவாரு, பயப்படாதீங்க"ன்னான். அவ அவன் தலையில ஒரு தட்டுத் தட்டினா. அதோட பயம் கொஞ்சம் தெளிஞ்சது.

ஆபீஸர் ஒரு அம்மா. உன் வயசுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். முகம் குடுத்துக் கேட்டாங்க. கேட்டுட்டு எங்க எதிரேயே மில்லுக்குப் போன் போட்டாங்க. பேசி முடிச்சு வச்சுட்டு எங்களைப் பார்த்தாங்க. "நீங்கதான் வேலைக்கு வரலைன்னு சொல்றாரும்மா உங்க மேனேஜர். வேலை இருக்காம், நீங்க லீவு போட்டுட்டீங்களாம்."

பாண்டியம்மாவுக்கு வந்துச்சே கோபம். "நாங்க லீவா? ரோட்டுமுக்குல கால் கடுக்க நின்னது யாரு? இவரு பாட்டியா?"

"எங்கே நின்னீங்க?"ன்னு கேட்டாங்க அந்தம்மா.

"வேன் வர்ற இடத்துல."

"மில் கேட்டுக்குப் போனீங்களா?"

"இல்லைங்க மேடம், வீட்டுக்குத் திரும்பிட்டோம்"னு நான்தான் சொன்னேன். அந்தம்மா திட்டலை. பொறுமையா விளக்கிச் சொன்னாங்க. வருஷக்கணக்கா வேலை பார்க்கிறவங்க வேலையை முதலாளி திடீர்னு பாதியாக்க முடியாது. மாத்தணும்னா முன்கூட்டி எழுத்துல நோட்டீஸ் குடுக்கணும், கூப்பிட்டுப் பேசணும். நெசமாவே ஆர்டர் இல்லைன்னா, இன்னைக்கு வேலை இல்லைன்னு அவங்க ஒத்துக்கிட்டு, அந்த நாளுக்குப் பாதிச் சம்பளமாவது குடுக்கணும். ஆனா அதைக் கேக்கிறதுக்கு நாங்க ஷிப்டு நேரத்துக்கு மில் வாசல்ல போய், வேலைக்கு வந்திருக்கேன்னு நிக்கணும். நின்னு ரெண்டு மணி நேரத்துக்குள்ள வேலை குடுக்கலைன்னா, வேலை குடுக்காதது அவங்க பொறுப்பு. வீட்டுலயோ ரோட்டுமுக்குலயோ நின்னா, வரலைன்னுதான் ஆகும். "வேன் வரலைங்கிறதை நீங்களா வேலை இல்லைன்னு எடுத்துக்கிட்டீங்க பாருங்க, அதுதான் அவங்களுக்கு வசதியாப் போச்சு"ன்னாங்க.

அப்பதாண்டா உன் சத்தம் என் காதுல கேட்டது. உனக்கு ஞாபகம் இருக்கா? நீ ஓட்டின வேன் ஒரு நாள் பாதி வழியில பஞ்சர் ஆச்சு. ஸ்டெப்னியும் காத்து இறங்கிக் கிடந்தது. நாங்க எல்லாரும் "சரி, இன்னைக்கு வேலை போச்சு"ன்னு வீட்டைப் பார்த்துத் திரும்பினோம். நீ ரோட்டுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கிட்டு நின்னே. "எல்லாரும் எங்க கிளம்பிட்டீக? வண்டிதான் பஞ்சரு, நீங்களுமா பஞ்சரு?"ன்னே. ஆட்டுக்குட்டிகளை ஓட்டுற மாதிரி எங்களை மில்லு வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போனே. சூப்பர்வைசர் லேட்டுன்னு சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்தார். "வண்டியும் உங்களுது, டயரும் உங்களுது. இவுக வந்துட்டாக. வேலை குடுக்கிறது இனி உங்க பாடு"ன்னு சொன்னே. நான் பின்னால நின்னு, பேசாதடான்னு உன் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். நீ சட்டையை உருவிக்கிட்டுப் பேசினே. எல்லாருக்கும் முழு ஷிப்டு போட்டாங்க. அந்த ஆபீஸர் அம்மா சட்டத்தைப் பார்த்துச் சொன்னதும் நீ உன் புத்தியில சொன்னதும் ஒண்ணுதான். எனக்கு ஆபீஸ் நாற்காலியில உக்காந்துக்கிட்டே சிரிப்பு வந்துருச்சு. பாண்டியம்மா, "ஏன் மதினி, கிறுக்குப் புடிச்சிருச்சா?"ன்னா.

மறுநாள் வேன் வராத நாள். காஜா பூ வேனைக் கொண்டாந்து ரோட்டுமுக்குல நிறுத்தினான். "மில்லு என் வழியிலதான் இருக்கு. ஏறுங்க, ஆனா மூட்டை மேல மட்டும் உக்காந்துறாதீங்க, மல்லி நசுங்கினா எனக்கு மார்க்கெட்டுல இடம் இல்லை"ன்னான். கோட்டும் தொப்பியும் மாட்டிக்கிட்டு, ரெண்டு பக்கமும் மல்லிகை மூட்டை, நடுவுல நாங்க. அந்த வாசத்துல எனக்கு மயக்கமே வந்துருச்சு. ஷிப்டுக்கு முன்னால மில் வாசல்ல இறங்கினோம். வாட்ச்மேன் மூக்கை உறிஞ்சிக்கிட்டு வெளியே வந்தார். "என்ன தாயி, மில்லுக்கு வந்தீங்களா, கல்யாணத்துக்கு வந்தீங்களா? உங்க ஊர் ஆளுக இன்னைக்குக் கிடையாதுன்னாங்களே."

"வேலைக்கு வந்திருக்கோம்ணே. உள்ள சொல்லுங்க. வேலை குடுத்தா உள்ள போறோம். இல்லைன்னா இல்லைன்னு சொல்லட்டும்."

அவர் போய்ச் சொன்னார். யாரும் வெளிய வரலை. நாங்க புங்க மரத்தடியில உக்காந்தோம். வாசல் தூணுல ஒரு கேமரா இருக்கே, நாங்க கோட்டுப் பையில நூல் எடுத்துட்டுப் போறோமான்னு பார்க்க மாட்டி வச்சது, அதுக்கு நேரா ஒவ்வொருத்தியும் போய் முகத்தைக் காட்டிட்டு வந்தா. அது காஜா சொல்லிக் குடுத்த யோசனை. "தலையைச் சீவிட்டுப் போடி, படம் புடிக்கிறான்"னு ஒருத்தி சொல்ல, "அடியே, பல்லைக் காட்டாத, வேலை கேட்டு வந்திருக்கோம், பொண்ணு பார்க்கவா வந்திருக்கான்?"னு இன்னொருத்தி சொல்ல, ஒரே சிரிப்பு. காஜா விட்டுட்டுப் போன ஒரு கை உதிரிப்பூவை வச்சுச் சரம் தொடுத்தோம். ரெண்டு மணி நேரம் ஆனதும் தலையில வச்சுக்கிட்டு, வாட்ச்மேன்கிட்டச் சொல்லிட்டு, பஸ் ஏறி வீட்டுக்கு வந்தோம். வேன் வராத ஒவ்வொரு நாளும் இதேதான். இன்னொண்ணு சொல்லணும். அந்த மரத்தடியில உக்காந்திருக்கிறப்ப உள்ள மிசின் ஓடுற சத்தம் கேட்டது. ஆர்டர் இல்லாத மில்லு மாதிரி இல்லை. ஹாஸ்டல்ல தங்கியிருக்கிற வடக்கத்திப் பிள்ளைகளை நின்ன இடத்துல அடுத்த ஷிப்டும் பார்க்க வச்சு ஓட்டிக்கிட்டிருந்தாங்க. அந்தப் பிள்ளைங்க ஜன்னல் வழியாக் கையை ஆட்டுச்சுங்க. நாங்களும் ஆட்டினோம். அதுங்க மேல எங்களுக்கு என்ன கோபம்? அதுங்களுக்குத் தூக்கம் போச்சு, எங்களுக்கு வேலை போச்சு.

எல்லாம் சிரிப்பாவே போகலை. ரெண்டு பேரு பயந்துக்கிட்டு வராம நின்னுட்டாங்க. ஒருத்தி புருஷன் அடிச்சு நிறுத்திட்டான். ஒரு நாள் மேனேஜர் என்னை மட்டும் உள்ள கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார். டீ வந்தது. "உங்க மகன் நல்ல பையன்மா. எங்ககிட்ட வேலை பார்த்தவன். அவனை நினைச்சுத்தான் சொல்றேன். உங்களுக்கு மட்டும் ஆறு நாளும் போட்டுத் தாரேன். நாளையில இருந்து இந்தக் கூட்டத்தோட வந்து மரத்தடியில உக்காராதீங்க. நீங்க விலகினா மத்தவங்க தானா விலகிருவாங்க"ன்னார்.

அணிலு, உன்கிட்ட மறைக்க மாட்டேன். பாப்பா முகம் கண்ணு முன்னால வந்தது. ஆறு நாள் வேலை, நான் கேட்டதும் அதுதான். சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஞாயித்துக்கிழமை அண்ணன் கூட்டிட்டுப் போக வர்றதுக்குன்னு கட்டி வச்ச பையைச் சுமதி அன்னைக்கே அவிழ்த்திருப்பா. டீ ஆறுற வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் எந்திரிச்சேன். "சார், என் மகனை நினைச்சுச் சொல்றேன்னீங்க. அவன் ஒரு ஆளை மட்டும் ஏத்திக்கிட்டு ஒரு நாளும் வேனை எடுத்ததில்லை. பெத்த தாயே ஆனாலும், கடைசி ஆள் ஏறுற வரைக்கும் என்னையும் காக்க வச்சுத்தான் எடுப்பான்"னு சொல்லிட்டு வெளியே வந்துட்டேன். வீட்டுக்கு வந்து சுமதிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். திட்டுவான்னு நினைச்சேன். அவ போனை எடுத்து அவ அண்ணனைக் கூப்பிட்டா. "இந்த ஞாயித்துக்கிழமை வர வேணாம்ணே, அடுத்த ஞாயிறு பாப்போம்"னா. உன் பெண்டாட்டி எனக்கு வாங்கிக் குடுத்த தவணை ஒரே ஒரு வாரம்.

அந்த வாரத்துல பாண்டியம்மா ஒரு கூத்துப் பண்ணினா. மில் வாசல்ல நின்னு அவ மகளோட போன்ல பேசிக்கிட்டிருந்தா. அவ பேசினா பக்கத்து ஊருக்குக் கேக்கும், தெரியும்ல? மேனேஜர் உள்ள இருந்து வேகமா வந்து, "என்னம்மா இது, கம்பெனி வாசலா, சந்தைக்கடையா? எல்லாத்தையும் கேமராவுல பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்!"னு எல்லார் முன்னாலயும் சத்தம் போட்டார். அவ போனை மடியில சொருகிக்கிட்டு, "பாருங்க சார், நல்லாப் பாருங்க"ன்னா. அன்னைக்கு அதை யாரும் பெரிசா எடுத்துக்கலை.

வெள்ளிக்கிழமை, நாங்க எழுதிக் குடுத்த புகாருக்கு, லேபர் ஆபீஸ்ல ரெண்டு பக்கத்தையும் கூப்பிட்டு உக்கார வச்சாங்க. எங்க பக்கம் நாங்க ஒன்பது பேரும், கதவோரமா காஜாவும். மேனேஜர் வக்கீலோட வந்திருந்தார். "மேடம், நாங்க வேலை நேரத்தைக் குறைக்கவே இல்லை. வேன் விடுறது கம்பெனி செய்யிற சலுகை. வேன் வரலைன்னா பஸ்ஸுல வரலாமே? இவங்க வரலை. வராதவங்களுக்கு எப்படி வேலை குடுக்க?"ன்னார்.

"பஸ்ஸை விட வாசமா வந்தோம் சார்"னா பாண்டியம்மா. காஜா வாயைப் பொத்திக்கிட்டான்.

ஆபீஸர் அம்மா, "வந்தோம்னு இவங்க சொல்றாங்க, வரலைன்னு நீங்க சொல்றீங்க. கேட்டுல கேமரா இருக்குல்ல? பதிவைக் காட்டுங்க, முடிஞ்சது"ன்னாங்க.

மேனேஜர் வக்கீலைப் பார்த்தார். "கேமரா ரிப்பேர் மேடம். கொஞ்ச நாளாவே ஓடலை."

பாண்டியம்மா மெதுவா எந்திரிச்சா. சேலையைச் சரி பண்ணினா. "அப்படிங்களா சார்? அப்ப நான் என் மகளோட போன் பேசினது உங்க கனவுல வந்துச்சாக்கும்?"

"என்ன போன்?"னாங்க ஆபீஸர்.

அவ மேனேஜர் மாதிரியே இடுப்புல கையை வச்சு, கழுத்தை நீட்டி, அந்தக் குரலையே கொண்டாந்தா. "என்னம்மா இது, கம்பெனி வாசலா, சந்தைக்கடையா? எல்லாத்தையும் கேமராவுல பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்!" சொல்லிட்டு, "போன புதன்கிழமை மேடம். வேன் வராத நாள். இவரு கணக்குல நான் வேலைக்கே வராத நாள். வராதவளை இவரு எந்தக் கேமராவுல பார்த்தாரு, கேளுங்க"ன்னா. வக்கீல் தலையைக் குனிஞ்சு பேனா மூடியைத் தேட ஆரம்பிச்சுட்டார். ஆபீஸர் அம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியலை, தண்ணி எடுத்துக் குடிச்சாங்க. குடிச்சுட்டு முகத்தை மாத்திக்கிட்டு, "அந்தப் பதிவு நாளைக்கு என் மேசையில இருக்கணும். ஹாஸ்டல் பிள்ளைங்க எத்தனை மணி நேரம் நிக்கிறாங்கன்னும் நான் வந்து பார்க்கிறேன்"னாங்க.

மேனேஜர் வெளிய போய்ப் போன்ல பேசினார். கண்ணாடிக் கதவு வழியா அவர் கை ஆடுறது தெரிஞ்சது. திரும்ப வந்தப்ப குரல் இறங்கிப் போயிருந்தது. "பேசி முடிச்சுக்கலாம் மேடம்"னார். அன்னைக்கே முடிஞ்சது. திங்கக்கிழமையில இருந்து முன்னே மாதிரி ஆறு நாள். இனிமே எதையாவது மாத்தணும்னா முன்கூட்டி எழுத்துல சொல்லி, எங்களைக் கூப்பிட்டுப் பேசணும். நாங்க வாசல்ல நின்ன நாளுக்கெல்லாம் பாதிச் சம்பளம். அதுக்கு முன்னால வேன் வரலைன்னு வீட்டுல உக்காந்திருந்த நாளுக்கு ஒண்ணும் இல்லை, அது போனது போனதுதான். பயந்துக்கிட்டு வராம நின்ன ரெண்டு பேருக்கும், புருஷன் அடிச்சு நிறுத்தினவளுக்கும் சேர்த்துத்தான் ஆறு நாளும் கேட்டு வாங்கினோம். ஆபீஸர் அம்மா சொன்னபடியே அடுத்த நாள் மில்லுக்கும் போயிருக்காங்க. ஹாஸ்டல் பிள்ளைங்க இப்ப ஒரு ஷிப்டு முடிஞ்சதும் தூங்கப் போகுதுங்க.

இதைப் படிக்கிற மத்த பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒண்ணு சொல்றேன். உங்க வேலையை யாரும் வாய்விட்டுப் பிடுங்க மாட்டாங்க. ஒரு வண்டி வராது, ஒரு போன் வராது, நாளைக்குப் பார்ப்போம்பாங்க. நீங்களா வீட்டுக்குத் திரும்பிப் போயிருவீங்க. போகாதீங்க. நேரத்துக்குப் போய் முகத்தைக் காட்டிட்டு நில்லுங்க. தனியா நிக்காதீங்க, கூடப் பாண்டியம்மா மாதிரி ஒருத்தியைக் கூட்டிட்டுப் போங்க. அப்புறம் விவரம் தெரிஞ்ச ஆபீஸுக்குப் போய்க் கேளுங்க. கேட்டதுக்கு யாரும் தலையைச் சீவிட மாட்டாங்க.

இன்னைக்குக் காலையில பாப்பாதான் முதல்ல ஹாரனைக் கேட்டா. "அப்பத்தா, வேனு!"ன்னு வாசலுக்கு ஓடினா. சுமதி என் தூக்கைக் கையில குடுத்துட்டு, "சாயங்காலம் வெஞ்சனத்துக்கு என்ன வைக்கட்டும் அத்தை?"ன்னு கேட்டா, எப்பவும் கேக்கிற மாதிரி. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ரோட்டுமுக்குக்குப் போனா, எல்லாத் தூக்கும் பின்சீட்டுக்குப் போயிருக்கு. முன்சீட்டைத் துடைச்சு, நேத்து வாங்கின மல்லிகையில ஒரு சரம் தொங்க விட்டு வச்சிருக்காளுக. டிரைவர் பையன் கதவைத் திறந்துக்கிட்டு நிக்கிறான். "ஏறுங்க மதினி, இன்னைக்கு நீங்கதான் முன்னால"ங்கிறா பாண்டியம்மா. "மகாராணி ஏறினாத்தான் வண்டி எடுப்போம்"ங்கிறாளுக மத்தவளுக. நான் ஒரு காலை எடுத்துப் படியில வச்சுட்டு, திரும்ப இறக்கிட்டேன். "நாளைக்கு ஏறுறேண்டி, ஒருத்தன்கிட்டக் கேக்கணும்"னு சொல்லிட்டுப் பின்னால போய் என் இடத்துல உக்காந்தேன். முன்சீட்டைக் காலியா விட்டுட்டே மில்லு வரைக்கும் போனோம்.

கேக்கத்தான் உக்காந்து இம்புட்டையும் எழுதியிருக்கேன். அது உன் அம்மா சீட்டு, நீ பிடிச்சு வச்ச சீட்டு, பக்கத்துல இப்ப வேற பிள்ளை உக்காந்து ஓட்டுறான். விடிஞ்சா வேன் வந்துரும். ஏலே அணிலு, நான் முன்னால ஏறி உக்காரட்டுமாடா?